துபாய் வெயிலில் மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வளைகுடாவில் ஜூன் பிறந்துவிட்டால் நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஏசி பேச்சுதான். எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை டன் போடலாம், இன்வெர்ட்டர் உண்மையிலேயே மிச்சம் பிடிக்குமா? என்னைக் கேட்டால் இவை மூன்றாவதாகக் கேட்க வேண்டியவை. வெயில் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் எந்த இடுக்கில் நுழைகிறது என்பது அடுத்தது. இரண்டையும் பார்க்காமல் புது ஏசி வாங்கினால், பழைய ஏசி பட்ட பாட்டைப் புது ஏசியும் படும். பில் அப்படியே இருக்கும்.

இந்த வழிகாட்டி துபாயில் வாடகை வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. அபுதாபி, ஷார்ஜா, தோஹா போன்ற கடற்கரை நகரங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரியாத் மாதிரி உள்நாட்டு ஊர்களுக்குச் சில இடங்களில் மாற்றம் உண்டு. அங்கே காற்று எலும்பு காயும் அளவுக்கு வறண்டது. தண்ணீர் ஊற்றி ஓட்டும் டெசர்ட் கூலர் அங்கே அருமையாக வேலை செய்யும். அதையே ஆகஸ்ட் மாதத் துபாயில் ஓட்டினால், ஏற்கெனவே பிசுபிசுக்கும் அறையில் இன்னும் கொஞ்சம் ஈரம் சேரும், அவ்வளவுதான்.

முதல் படி: இரண்டு பில்களை எடுத்து வையுங்கள்

ஜனவரி பில் ஒன்று, ஆகஸ்ட் பில் ஒன்று. துபாயின் மின்சார, குடிநீர் வாரியத்தை எல்லோரும் ‘தேவா’ என்றுதான் சொல்கிறார்கள்; அதன் செயலியில் பழைய பில்கள் கிடைக்கும். இரண்டிலும் மின்சார யூனிட்டை மட்டும் பாருங்கள். ஜனவரியில் பெரும்பாலான வீடுகளில் ஏசி ஓடாது. ஆகவே அந்த மாத எண்தான் உங்கள் ஃபிரிட்ஜ், விளக்கு, வாஷிங் மெஷின், டிவி எல்லாம் சேர்ந்த அடிப்படைச் செலவு. வாட்டர் ஹீட்டரும் அதில் அடக்கம். ஆகஸ்ட் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மீதி ஏறத்தாழ ஏசியின் பங்கு. ஆகஸ்டில் 3,000 யூனிட், ஜனவரியில் 800 என்று வைத்துக்கொள்வோம். 2,200 யூனிட் குளிருக்காகப் போகிறது. அப்படிப்பட்ட வீட்டில் பல்பை மாற்றுவதைப் பற்றி மணிக்கணக்கில் யோசிப்பது வீண்.

கட்டண அடுக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு மாதம் 2,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ். 2,001 முதல் 4,000 வரை 28, 4,001 முதல் 6,000 வரை 32, அதற்கு மேல் 38. இதன்மேல் எரிபொருள் கூடுதல் கட்டணமும் 5 விழுக்காடு வாட் வரியும் உண்டு. மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் உச்சி அடுக்கிலிருந்துதான் கழியும் என்பதைக் கவனியுங்கள். மாதம் 4,500 யூனிட் ஓடும் வில்லாவில் மின்சாரத்துக்கு மட்டும் 1,180 திர்ஹம். 1,000 யூனிட் குறைத்தால் 880. குறைந்தது 300 திர்ஹம். அதாவது மிச்சமான ஒவ்வொரு யூனிட்டும் 30 ஃபில்ஸ் பெறும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்துவிடுங்கள்: உங்கள் ஏசி யாருடைய கணக்கில் ஓடுகிறது? பல அடுக்குமாடிகளில் குளிர்ந்த நீர் வெளியே ஒரு பெரிய நிலையத்திலிருந்து குழாய் வழியாக வருகிறது. அதற்குத் தனி நிறுவனம், தனி பில். அந்த பில்லில் பயன்பாட்டுக்கு ஒரு பகுதி, வீட்டுக்கென்று ஒதுக்கிய திறனுக்கு ஒரு நிலையான பகுதி என இரண்டு இருக்கும். நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் நிலையான பகுதி அசையாது. சில கட்டடங்களில் இந்தச் செலவை வீட்டு உரிமையாளரே ஏற்பார். ‘சில்லர் ஃப்ரீ’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. குடியேறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இரண்டாம் படி: வெப்பம் நுழையும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை 9 மணிக்கு ஒரு முறை, மாலை 4 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள். கருவி எதுவும் வேண்டாம், உள்ளங்கை போதும். சுவர், கண்ணாடி, கூரை, கதவு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

துபாய் 25 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அதனால் கோடையில் தெற்குச் சுவருக்கு அடி குறைவு. ஒரு சின்ன சன்ஷேடே அதற்கு நிழல் தந்துவிடும். மொத்த வெயிலும் மொட்டைமாடிக்கு. காலையில் கிழக்கு ஜன்னலிலும் மாலையில் மேற்கு ஜன்னலிலும் சூரியன் தாழ்வாக நின்று நேரே உள்ளே பார்க்கும். அதை சன்ஷேடால் தடுக்க முடியாது. தெற்குப் பார்த்த வீடு சூடு என்று தரகர்கள் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடியைக் கண்டால் பயப்படுங்கள்.

இரவு 9 மணிச் சுற்றில் கூரையைக் கவனியுங்கள். மேல்மாடியிலோ தனி வில்லாவிலோ இருப்பவர்களுக்குத்தான் இது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், சூரியன் மறைந்து வெகு நேரம் கழித்தும் உள்ளே வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். படுக்கை அறையில் ராத்திரி ஏசி நிற்காமல் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். துபாயில் 2003க்குப் பிறகு கட்டட வெப்பக்காப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய வில்லா என்றால் கூரையில் காப்பு இருக்கிறதா என்று சந்தேகப்படுவதே நல்லது.

மூன்றாம் படி: கண்ணாடிக்கு நிழல்

மாலை நான்கு மணி வெயில் மேற்கு ஜன்னலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட் அளவுக்கு விழும். இரண்டு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி என்றால் அதில் ஒரு கிலோவாட் உள்ளே வந்துவிடும். ஹாலின் நடுவில் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வைத்துவிட்டு, அதைத் தணிக்க ஏசியை ஓட்டுவதற்குச் சமம் இது.

திரைச்சீலை உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் மேல். பால்கனி இருந்தால் அதன் விளிம்பில் மூங்கில் தட்டியோ நிழல் வலையோ தொங்கவிடுங்கள். நம் ஊர்த் திண்ணையில் தட்டி கட்டுவதும் இதே வேலைக்குத்தான். உயரமான கட்டடங்களில் வெளியே எதையும் தொங்கவிட நிர்வாகம் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை, முதலில் கேட்டுவிடுங்கள்.

வெளியே முடியாவிட்டால் அடுத்தது, கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்பு ஃபிலிம். இருட்டாக இருப்பதால் மட்டும் ஃபிலிம் நல்லது ஆகிவிடாது. எவ்வளவு சூரிய வெப்பத்தைத் தடுக்கிறது என்ற எண்ணைக் கடையில் கேளுங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் தவறான ஃபிலிமை ஒட்டினால் கண்ணாடி சூடேறி விரிசல் விடவும் கூடும். ஆகவே இரட்டைக் கண்ணாடிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாடகை வீட்டில் மாற்றம் எதுவும் செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது துபாய் வாடகைச் சட்டம். ஈமெயிலில் கேட்டு, பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டுமே நடக்காதவர்கள், வெள்ளைப் பின்துணி வைத்த கனத்த திரையைக் கண்ணாடியை ஒட்டித் தொங்கவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது மறக்காமல் இழுத்துவிட்டுப் போங்கள். பேச்சலர் அறைகளில் அலுமினியத் தாளை ஜன்னலில் ஒட்டுகிறார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரத் தாள்தான். ஆனால் பகலிலும் விளக்கு எரிக்க வேண்டியிருக்கும், நிர்வாகமும் விரைவிலேயே கதவைத் தட்டும்.

நான்காம் படி: இடுக்குகளை அடையுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. கடலோரத் துபாயில் இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் மாத இரவு ஒன்றில் வெளியே 35 பாகை, கண்ணாடி அணிந்து வெளியே வந்தால் பார்வையே மறைக்கும் அளவு ஈரம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு 24 கிராம் நீராவி இருக்கும். 24 பாகையில் வசதியாக இருக்கும் அறையில் 9 கிராம்தான். இடுக்கு வழியாக உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் அந்த 15 கிராம் நீரை ஏசி பிழிந்து வெளியே சொட்டவிட வேண்டும். இந்த வேலைக்குப் பிடிக்கும் ஆற்றல், அதே காற்றை 35லிருந்து 24க்கு இறக்கப் பிடிக்கும் ஆற்றலைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஏசியின் வடிகால் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறதே, உங்கள் பணத்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போகிறது.

இடுக்கு எங்கே என்பதை மணலே காட்டிக் கொடுக்கும். ஷமால் காற்று வீசி ஓய்ந்த மறுநாள் ஜன்னல் சட்டத்தின் ஓரங்களையும் வாசற்கதவின் அடியையும் பாருங்கள். எங்கே பழுப்புக் கோடு படிந்திருக்கிறதோ அங்கே காற்று நுழைகிறது. ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தும் பார்க்கலாம். புகை வளைந்தால் அங்கே ஓட்டை. நழுவும் ஜன்னல்களின் ஓரத்திலுள்ள பிரஷ் பட்டை சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், புதிது மலிவு. கதவடிக்கு ரப்பர் பட்டை, ஏசிக் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்துக்கு சிலிக்கான். ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடியும் வேலை.

அடுத்த ஓட்டை, நாமே போட்டு மறந்துபோகும் எக்ஸாஸ்ட் ஃபேன். குளியலறை ஃபேன்தானே, 30 வாட் போகட்டும் என்று இரவெல்லாம் ஓட விடுகிறோம். அது மணிக்கு 100 கன மீட்டர் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு வெந்த ஈரக் காற்று வேறெங்கிருந்தோ உள்ளே இழுபடும். மேலே சொன்ன இரவில் அதைக் குளிர்விப்பது ஏசிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் வெப்பச் சுமை. அரை டன் ஏசியின் வேலையில் பெரும்பகுதி. குளித்து முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள். சமையலறையில் மட்டும் இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். கேஸ் அடுப்பு எரியும்போது ஹூட் ஓட வேண்டும், அந்த அறையின் காற்று வழியை அடைக்கவும் கூடாது.

இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் குளிருமே என்று ரியாத்திலிருந்து மாறி வந்தவர்கள் கேட்பார்கள். துபாயில் ஆகஸ்ட் இரவின் குறைந்த வெப்பமே 30 பாகையை ஒட்டியிருக்கும், கூடவே ஈரம். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை தாராளமாகத் திறந்து வையுங்கள். அந்த மாதங்களில்கூடப் பழக்கதோஷத்தால் ஏசி போடும் வீடுகள் எத்தனையோ!

ஐந்தாம் படி: இப்போது ஏசி

உள்ளே இருக்கும் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவி, காயவைத்து மாட்டுங்கள். மணற்காற்று வீசியிருந்தால் அதற்கும் முன்பே. வெளி யூனிட்டின் தகடுகளில் தூசி அப்பிக்கொண்டால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரசர் திணறும். சீசன் தொடங்கும் முன் ஆள் வைத்துக் கழுவுங்கள். பால்கனியில் வெளி யூனிட் இருந்தால் அதன் முன்னால் அட்டைப்பெட்டி, சைக்கிள், துணிக்கொடி எதுவும் வேண்டாம். தான் விட்ட வெந்த காற்றையே அது திரும்ப இழுக்கும்.

மெக்கானிக் வந்து “கேஸ் கம்மியா இருக்கு அண்ணே, நிரப்பிடலாம்” என்பார். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு. “கசிவை முதலில் காட்டு தம்பி” என்று கேளுங்கள். ஆண்டுதோறும் நிரப்பிக்கொண்டே இருப்பது யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்று ஏற்பாடு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு என்பதே 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் துபாய்ச் சட்டம். ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைப் படித்துவிட்டுப் பிறகு செலவு செய்யுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இரண்டு சொல். ஏசியின் திறன் வழக்கமாக வெளியே 35 பாகையில் அளக்கப்படுகிறது. வளைகுடாவுக்கு 46 பாகையில் அளக்கும் ‘டி3’ என்ற தரம் உண்டு; அந்த எண்ணைக் கேட்டு ஒப்பிடுங்கள். அடுத்து, தேவைக்கு மேல் டன் வேண்டாம். அளவுக்கு மீறிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே கிடைக்காது. சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? இன்னும் இரண்டு பாகை இறக்குகிறோம்.

ஆறாம் படி: 24, ஒரு மின்விசிறி

தேவா சொல்லும் அளவு 24 பாகை. ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் குளிர்விக்கும் செலவில் சுமார் 5 விழுக்காடு குறையும். 20லிருந்து ஒரேயடியாக 24க்குத் தாவினால் வீட்டில் புரட்சி வெடிக்கும். வாரம் ஒரு பாகையாக ஏறுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ‘ஆட்டோ’வில் வையுங்கள். ‘ஆன்’ என்றால் கம்ப்ரசர் நின்ற பிறகும் காற்றோடி, காயிலில் தங்கிய நீரை மறுபடி அறைக்குள் கொண்டுவரும்.

தமிழ்நாட்டில் சீலிங் ஃபேன் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. துபாய் ஃபிளாட்டின் கூரையிலோ கொக்கிகூட இருக்காது. ஒரு நின்றாடும் ஃபேன் வாங்குங்கள். 50 வாட்டில் ஓடும் அந்தக் காற்று உடலில் பட்டால் 26 பாகைகூட 24 மாதிரி இருக்கும். அறையில் ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள். ஃபேன் மனிதரைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல.

ஏழாம் படி: ஹீட்டரும் அடுப்பும்

மே முதல் அக்டோபர் வரை வாட்டர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்தே வையுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் கொதித்து வரும் தண்ணீர் ‘குளிர்’ குழாயில் கையைச் சுடும். அணைத்த ஹீட்டரின் தொட்டி ஏசி அறையின் பக்கத்தில் இருப்பதால் அதிலுள்ள நீர் மெல்லத் தணிந்துவிடும். ஆகவே கோடையில் ‘சுடுநீர்’ குழாயைத் திறந்தால் இதமான தண்ணீர் வரும். வளைகுடாவில் நெடுநாள் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. புதிதாக வருபவருக்கு யாராவது சொல்ல வேண்டும். பல நாள் பூட்டிக் கிடந்த வீடானால், தொட்டியில் தங்கிய தண்ணீரை முதலில் திறந்துவிட்டுப் பிறகு குளியுங்கள்.

சமையலை வெயிலுக்கு முன் முடிப்பது நல்லது. இட்லிக் கொப்பரை, சோறு வடிப்பது எல்லாம் நீராவி. மூடி போட்டுச் சமையுங்கள், குக்கரைப் பயன்படுத்துங்கள். துணியைக் கோடையில் பால்கனியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காயும். டிரையர் தேவையே இல்லை. விளக்கெல்லாம் எல்இடியா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

எட்டாம் படி: ஊருக்குப் போகும்போது

ஜூலையில் பள்ளி விடுமுறை விட்டு ஊருக்குப் புறப்படும்போது, மெயின் சுவிட்சையே அணைத்துவிடத் தோன்றும். துபாயில் செய்யாதீர்கள். ஒரு மாதம் பூட்டிய ஈர வீட்டில் சோபா, அலமாரித் துணி, தோல் செருப்பு எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு மிச்சப்பட்ட மின்சாரத்தை விழுங்கிவிடும். 27, 28 பாகையில் ‘ஆட்டோ’ ஃபேனோடு ஓட விடுங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். எக்ஸாஸ்ட் எல்லாம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்தால் கதவைச் சற்றே திறந்து வைக்க மறக்காதீர்கள். வறண்ட ரியாத்தில் இருப்பவர்கள் நிம்மதியாக ஏசியை அணைத்துவிட்டுப் போகலாம்.

சொந்த வில்லா வைத்திருப்பவர்களுக்கு

செலவழிக்க முடிந்தவர்கள் கூரையில் தொடங்குங்கள். மலிவான முதல் வேலை வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. ஆனால் தூசி படிந்தால் பாதி வேலைதான் செய்யும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும். நீர்க்காப்பு புதுப்பிக்கும் காலம் வந்திருந்தால் அத்தோடு சேர்த்துப் பாலிஸ்டைரீன் காப்புப் பலகையும் போட்டுவிடுங்கள், தனித்தனியாகச் செய்தால் கூலி இரட்டிப்பு. மொட்டைமாடியில் பேக்கேஜ் ஏசி வைத்த வில்லாக்களில், வெயிலில் கிடக்கும் காற்றுக்குழாய்களின் உறை கிழிந்திருப்பது சகஜம். படியேறிப் போய்ப் பாருங்கள்.

அல் ஃபாஹிதி பகுதியில் இன்றும் நிற்கும் காற்றுக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, அதுபோல ஒன்று வீட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாரசீகக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் கட்டியவை அவை. பவளக்கல் சுவர், நிழல் விழும் குறுகிய சந்து, காற்றைப் பிடித்து இறக்கும் கோபுரம் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடுகள் இயங்கின. ஏசி போட்டு மூடிய வீட்டில் கோபுரம் மட்டும் வைத்தால் அது இன்னொரு ஓட்டை. அந்தச் சந்துகளிடமிருந்து நிழலைக் கடன் வாங்குங்கள்: மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தல், வேப்பமரம்.

சூரிய மின் பலகையைக் கடைசியில் வையுங்கள். ‘ஷம்ஸ் துபாய்’ திட்டத்தில் கூரையில் விளைந்த மின்சாரத்தின் மிச்சம் தேவாவின் வலைப்பின்னலுக்குப் போய் அடுத்த பில்களில் கழியும். பலகைகள் கூரைக்கு நிழலும் தரும். இருந்தாலும் ஓட்டைகளை அடைத்து, நிழல் கட்டி, யூனிட் குறைந்த பிறகு ஒரு கோடையின் பில்களைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். தேவைப்படும் பலகைகளின் எண்ணிக்கை அப்போது குறைந்திருக்கும். ஒப்பந்தக்காரரிடம் விலையோடு இன்னொன்றையும் எழுதி வாங்குங்கள்: மணல் படியும் பலகைகளை மாதத்துக்கு எத்தனை முறை, யார் கழுவுவது என்பதை.